பழரசத்துக்கு ‘டி’ கிரேடா?

“சித்தப்பா, இது நியாயமா? நான் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடச் சேர்க்கலை. மாம்பழச் சாறை அப்படியே பாட்டில்ல கொண்டுவந்து விக்கிறேன். அதுக்குப் போய் சிவப்புல ‘டி’ன்னு போடணுமாம்!”

சிங்கப்பூரிலிருந்து போனில் இப்படிப் பொருமியவன் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். நம் ஊர் மாம்பழ ஜூஸை அங்கே இறக்குமதி செய்து கடைகளுக்குப் போடுகிறான். உணவுப் பொருள் இறக்குமதிக்கு லைசென்ஸ், வந்து இறங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் பர்மிட் என்று அங்கே கெடுபிடி அதிகம். அதையெல்லாம் சமாளித்துவிட்டவனுக்கு இந்த ஒற்றை எழுத்துதான் பொறுக்கவில்லை.

அது என்ன எழுத்து என்கிறீர்களா? 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் ‘நியூட்ரி-கிரேட்’ என்று ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு இரண்டையும் வைத்து பானங்களை ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். சர்க்கரையை மட்டும் பார்த்தால், 100 மில்லியில் 1 கிராம் வரை இருந்தால் ஏ, 5 கிராம் வரை பி, 10 கிராம் வரை சி. அதற்கு மேல் போனால் டி. சி, டி வாங்கிய பானங்கள் அந்த எழுத்தையும், சர்க்கரை எத்தனை சதவீதம் என்பதையும் பாட்டிலின் முகத்திலேயே போட்டாக வேண்டும். டி வாங்கியதற்கு, விற்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் விளம்பரமும் செய்யக் கூடாது. உள்ளூர்ச் சரக்கா, வெளிநாட்டுச் சரக்கா என்ற பேதம் கிடையாது. பழத்தில் இயற்கையாக உள்ள சர்க்கரையும் கணக்கில் சேரும். மாம்பழச் சாறு சுலபமாக 10 கிராமைத் தாண்டிவிடும்.

அவன் புலம்புவதற்காக மட்டும் போன் செய்யவில்லை. “நீங்க சித்த மருத்துவர். மாம்பழ ஜூஸ் உடம்புக்கு நல்லதுன்னு ரெண்டு வரி எழுதி, உங்க பேரையும் பட்டத்தையும் போட்டுக் குடுங்க. லேபிள்ல அச்சடிச்சிடறேன். ஜனங்க நம்புவாங்க” என்றான்.

“முடியாதுப்பா” என்றேன். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் மறுத்தேன் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

முதல் காரணம் சட்டம். அங்கே உணவுப் பொருளின் லேபிளில் ‘நோயைத் தடுக்கும், தீர்க்கும்’ என்று எழுதக் கூடாது. மருத்துவ யோசனை போலத் தொனிக்கும் வாசகமும் கூடாது, யார் சொன்னதாக இருந்தாலும் சரி.

இரண்டாவது காரணம், என்னிடம் வந்த ஒரு அம்மா. வயது ஐம்பத்தைந்து இருக்கும். நாங்கள் மதுமேகம் என்று சொல்லும் சர்க்கரை நோய். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார், நடக்கிறார், இனிப்பைத் தொடுவதில்லை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. மருந்தை மாற்றிப் பார்த்தேன். அளவைக் கூட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள், காலை முதல் இரவு வரை வாயில் போடுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். மத்தியானம் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் டப்பா ஜூஸ்!

“ஏம்மா இப்படி?” என்று கேட்டேன். “நீங்கதானே டாக்டர், கூல் டிரிங்க்ஸை விடுங்க, அதுக்குப் பழம் தேவலைன்னு சொன்னீங்க?” என்றார் பாவம்.

சொன்னேன்தான். பழம் என்றதும் அவர் பழரசத்தையும் சேர்த்துக்கொண்டது அவர் தப்பு அல்ல. பிரித்துச் சொல்லாதது என் தப்பு. ஜூஸை நிறுத்திய பிறகுதான் அவருக்குச் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லியில் 12 கிராம் சர்க்கரை என்றால், 200 மில்லி டம்ளரில் 24 கிராம். கிட்டத்தட்ட ஐந்து டீஸ்பூன்! காபியில் ஐந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் நீங்கள் குடிப்பீர்களா? தினமும் 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இத்தகைய சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு. இதில் பழச்சாற்றின் சர்க்கரையும் சேர்த்தி. முழுப் பழத்தில் இருப்பது சேராது.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு டம்ளர் சாறுக்கு மூன்று ஆரஞ்சாவது பிழிய வேண்டும். மூன்று ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக மென்று தின்றால் நேரமாகும், வயிறும் நிறையும். சாறாக்கினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. ஒரே மூச்சில் குடித்துவிடுகிறோம். சர்க்கரையும் வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது.

அண்ணன் மகன் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. செயற்கை இனிப்புப் போட்ட கோலா அங்கே ‘பி’ வாங்கிவிடும், அசல் பழச்சாறு ‘டி’ வாங்கும். அதனால் மாம்பழத்தைவிட கோலா உசத்தியா? இல்லவே இல்லை. அந்த எழுத்து சர்க்கரையையும் கொழுப்பையும் பற்றித்தான் பேசும். வைட்டமின் போன்ற மற்ற சத்துகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது அதன் குறைதான். ஆனாலும் பழரசத்தை விற்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லையே? தெரிந்துகொண்டு வாங்கு என்கிறார்கள். அது சரி என்பதுதான் என் கட்சி.

எங்கள் துறையினருக்கும் ஒரு வார்த்தை. ஆள், வயது, உடல்வாகு, காலம், அளவு பார்த்துக் கொடுப்பதுதான் சித்த மருத்துவம் என்று படித்துவிட்டு வந்தோம். பார்த்தறியாத ஆயிரம் பேருக்கு ஒரே பாட்டிலைச் சிபாரிசு செய்து பெயரைப் போட்டால், படித்தது என்னாவது?

நம் ஊரில் என்ன செய்யலாம்? அடர்சாறில் தண்ணீர் கலந்து தயாரித்த ஜூஸ்களில் ‘100 சதவீதப் பழச்சாறு’ என்ற வாசகத்தை எடுக்கும்படி நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. நல்ல காரியம். மீதி உங்கள் கையில் இருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘ஜூஸ்’ என்று இருக்கிறதா, ‘ஃப்ரூட் டிரிங்க்’ என்று இருக்கிறதா? டிரிங்க் என்றால் பழம் பத்து சதவீதம் இருந்தாலே போதும். பிறகு மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 100 மில்லிக்கான மொத்தச் சர்க்கரையை இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால், ஒரு டம்ளரில் எத்தனை ஸ்பூன் என்பது வந்துவிடும். இந்தக் கணக்கை வீட்டுப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், அப்போது அரை டம்ளர் ஜூஸ் உடனே கொடுக்கத்தான் வேண்டும். பிறகு டாக்டரைப் பாருங்கள். இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அண்ணன் மகன் போன் செய்து ஒரு மாதமாகிறது. கோபம் ஆறட்டும். அடுத்த தடவை வரும்போது அவனுக்கு மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் அப்படியே கொடுங்கள்.