மாடியில் இருப்பவன் மனிதன் இல்லையா?

தாராவியில் எது நம் வீடு, எது நம் பட்டறை என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? விடியுமுன் இட்லி வெந்து, சைக்கிளிலும் தலைச்சுமையாகவும் மும்பை முழுக்கப் போகிறது. அந்த அடுப்படியில்தான் இரவில் பிள்ளைகள் படுக்கிறார்கள். கீழே தோல் பை தைக்கும் இயந்திரம் ஓடும். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு குடும்பம் இருக்கும்.

அந்த ஏணிதான் இன்று நம்மை இரண்டாகப் பிளக்கிறது, தோழர்களே!

சர்க்காரின் சீரமைப்புத் திட்டம் சொல்வதைக் கேளுங்கள். 2000 சனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பின் 2011 வரை வந்தவர் இரண்டரை இலட்சம் கட்டி வெளியே போகவேண்டும். மாடியில் இருப்பவர்க்கோ தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதுவும் வாடகைக்கு; வேண்டுமானால் தவணை கட்டி வாங்கிக்கொள்ளலாமாம். மாடியில் இருப்பது யார்? கலியாணமான நம் மகன். ஊரிலிருந்து வந்த தங்கை குடும்பம். அப்பன் கீழே, மகன் முலுண்ட் உப்பளத்திலா? அல்லது 1927 முதல் நகரத்தின் குப்பையைக் கொட்டிவரும் தேவனார் மேட்டிலா? இந்த இடங்களைத்தான் 2024-இல் ஒதுக்கினார்கள்.

வீடு போனால் வேறு வீடு கிடைக்கலாம். பிழைப்பு? முலுண்டில் வெந்த இட்லி எத்தனை மணிக்குச் சயானுக்கு வந்துசேரும்? பை தைப்பவனுக்குத் தோல் விற்பவனும், ஜிப் விற்பவனும், பை வாங்குபவனும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் தொழில் நடக்கிறது. தகுதியுள்ள கடைக்கும் பட்டறைக்கும் 225 சதுர அடி வரை இலவசம் என்கிறார்கள். ஐந்தாண்டு மாநில ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்குமாம்! வரிப் பதிவே இல்லாத இட்லிக்கார அக்கா அதை வைத்து என்ன செய்வார்?

இதை யாரிடம் கேட்பது? தாராவிக்குத் திட்டம் போடும் அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை, தனி அமைப்பிடம் இருக்கிறது. மாநகராட்சியிலும் 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2026 சனவரி வரை தேர்தலே இல்லை. நம் தெருக்களை அளந்த காலத்தில் நமக்கென்று ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

முன்னேற்றம் வேண்டாம் என்கிறீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். கக்கூசுக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாம். நம்மிடமா இந்தக் கேள்வி? 1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி அறிவித்த நாள் முதல் குழாயும் கக்கூசும் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

மனு எழுதி என்ன ஆகும் என்று அலுத்துக்கொள்வோரும் நம்மில் உண்டு. 2015-இல் மாநகராட்சியின் வளர்ச்சித் திட்ட வரைவு பிழைகள் மலிந்து வந்தது. மக்கள் ஆட்சேபம் எழுதிக் குவித்தார்கள். அதே ஏப்ரலில் முதலமைச்சரே அதை ஒதுக்கிவைத்து, திருத்தி எழுதச் சொன்னார்.

ஆகவே ரேஷன் கார்டு, மின் ரசீது, வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மாடிக் குடும்பத்துக்கும் தாராவியிலேயே வீடு, அடுப்புக்கும் தையல் இயந்திரத்துக்கும் வீட்டோடு இடம்: இந்த இரண்டையும் எழுதிப் புதிய கவுன்சிலர் கையில் கொடுப்போம். கீழ்வீட்டுக்காரர்களே, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.