ஓகே பட்டனும் துப்பாக்கி விசையும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் ஒருமுறையாவது இந்தத் தவறைச் செய்திருப்போம். வேண்டாத பைலைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட் கீயுடன் டெலீட் கீயை அழுத்துவோம். "நிரந்தரமாக நீக்கிவிடலாமா?" என்று ஒரு சிறிய கட்டம் கேட்கும். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விரல் என்டர் கீயைத் தட்டிவிடும். யெஸ் பட்டன் ஏற்கெனவே தேர்வாகி நிற்பதால் பைல் போய்விடும். போனது வேண்டாத பைல் அல்ல, தங்கை கல்யாணப் போட்டோக்கள் இருந்த போல்டர் என்பது அப்புறம்தான் தெரியும்.

"கட்டம்தான் கேட்டதே, நீ ஏன் பார்க்கவில்லை?" என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்கு அந்தக் கட்டத்தின் மீதுதான் கோபம். பழக்க வேகத்தில் வரும் அடுத்த தட்டலிலேயே திறந்துவிடும் கதவைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா?

இதே கேள்வி அமெரிக்காவில் சில ஆண்டுகளாக வேறொரு பொருளைப் பற்றி எழுந்திருக்கிறது. இடுப்பு உறையில் செருகி வைக்கும் ஸ்ட்ரைக்கர் வகைக் கைத்துப்பாக்கிதான் அந்தப் பொருள். கம்ப்யூட்டர் இதழில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். புரோகிராம் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது துப்பாக்கிச் சண்டையாகத் தெரியவில்லை. தவறு பயன்படுத்தியவருடையதா, செய்து கொடுத்தவருடையதா என்று எங்கள் அலுவலகத்தில் தினமும் நடக்கும் சண்டையாகவே தெரிகிறது.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடலாம். பழைய வகைத் துப்பாக்கிகளில் பின்புறம் ஒரு சுத்தியல் இருக்கும். அது மேலே தூக்கி நிற்கிறதா, கீழே இறங்கி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஸ்ட்ரைக்கர் வகையில் சுத்தியல் கிடையாது. உள்ளே ஸ்பிரிங்கின் இழுவிசையில் ஒரு ஊசி காத்திருக்கும். விசையை இழுத்தால் ஊசி விடுபட்டுத் தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும். எல்லாமே உள்ளே நடப்பதால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது.

1982ல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த கிளாக் 17 இந்த வகையை உலகம் முழுவதும் பரப்பியது. அதில் மூன்று பாதுகாப்புகள் உள்ளன. இரண்டு உள்ளே இருக்கின்றன. துப்பாக்கி கீழே விழுந்தாலும் ஊசி முன்னே பாயாமல் தடுக்கின்றன. மூன்றாவது, விசையின் நடுவிலேயே இருக்கும் ஒரு சிறிய நாக்கு. அதை அழுத்தாமல் விசை நகராது. ஆனால் விசையை இழுக்க வரும் எதுவும் அந்த நாக்கையும் சேர்த்தே அழுத்தும். என்டர் கீ கதைதான். கேள்வியும் பதிலும் ஒரே விரலில் முடிந்துவிடுகின்றன.

விசையை இழுக்க வருவது எப்போதும் விரலாகவே இருக்க வேண்டியதில்லை. துப்பாக்கியை உறைக்குள் செருகும்போது ஜாக்கெட்டின் கயிறு உள்ளே மாட்டிக்கொள்ளலாம். சட்டை நுனி சுருண்டு போகலாம். பழகித் தளர்ந்த தோல் உறையின் விளிம்பே உள்பக்கம் மடங்கி விசையைத் தள்ளலாம். துப்பாக்கியின் அடியில் டார்ச் பொருத்தியிருந்தால் உறையின் வாயை அகலமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அப்போது விசைக்குப் பக்கத்தில் இடைவெளி விழுகிறது. ஆகவே இந்த வகைத் துப்பாக்கியில் உண்மையான சேப்டி துப்பாக்கியில் இல்லை, உறையில் இருக்கிறது. விசையை முழுவதும் மூடுகிற, கெட்டியான, அந்த மாடலுக்கென்றே வார்த்த உறை இருந்தால்தான் பொருள் முழுமையடைகிறது. துப்பாக்கி ஒரு நிறுவனம், உறை வேறொரு நிறுவனம். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் யாரைக் கேட்பது? பிரின்டர் கம்பெனி கம்ப்யூட்டரைக் குறை சொல்ல, கம்ப்யூட்டர் கம்பெனி பிரின்டரைக் குறை சொல்லும் அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

கட்டை விரலால் தள்ளும் தனி சேப்டி வைத்துவிட்டால் என்ன? எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. உயிர் போகும் அவசரத்தில் அதைத் தள்ள மறந்துவிடுவார்கள், அந்த ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள். அமெரிக்கப் போலீசார் பலகாலம் வைத்திருந்த ரிவால்வரிலும் தனி சேப்டி கிடையாது. சரிதான். ஆனால் சுத்தியலைத் தூக்காமல் ரிவால்வரின் விசையை இழுக்க, கிளாக்குக்குத் தேவையான சுமார் 2.5 கிலோ இழுவையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். இழுக்க வேண்டிய தூரமும் அதிகம். அந்தக் கடினமே ஒரு சேப்டியாக இருந்தது. கடினத்தையும் எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வேறு எதையும் தராமல் விற்பது எனக்குச் சம்மதமில்லை. எடுத்துச் சுடும் நொடி வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். உறையில் செருகுவதும் எடுப்பதும் தினமும் நடப்பவை.

அடுத்தது சிக் சாவர் நிறுவனத்தின் பி320. 2014ல் விற்பனைக்கு வந்த இந்தத் துப்பாக்கியின் அடிப்படையில் உருவான மாடலை 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. எம்17, எம்18 என்று பெயர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய குறை வெளியே வந்தது. துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட சாய்வில் தரையில் மோதும்படி விழுந்தால் தானே வெடித்தது. காரணம் எளிது. ஓடுகிற பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்னே சாய்வோம் அல்லவா? அதுபோல, துப்பாக்கி தரையில் மோதி நின்ற பிறகும் விசை தன் சொந்த எடையால் பின்னோக்கி நகர்ந்து, தன்னைத் தானே இழுத்துக்கொண்டது.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். விதிப்படி செய்ய வேண்டிய விழும் சோதனைகளில் இந்தத் துப்பாக்கி தேறியிருந்தது. விதியில் எழுதிய கோணங்களில் போட்டுப் பார்த்தார்கள், வெடிக்கவில்லை. எழுதாத கோணத்தில் வெடித்தது. நாங்களும் அப்படித்தான். சோதனைப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு புரோகிராமை அனுப்புவோம். வாங்கியவர் முதல் நாளே பட்டியலில் இல்லாத ஒரு கீயை அழுத்துவார்.

நிறுவனம் எடை குறைந்த விசை உள்ளிட்ட புதிய பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. ஆனால் அதற்கு வைத்த பெயர் 'விருப்ப மேம்பாடு'. பொருளைத் திரும்பப் பெறுகிறோம் என்று சொல்லவில்லை. விரும்பினால் அனுப்புங்கள் என்றது. திரும்பப் பெறு என்று கட்டளையிட அங்கே ஆளும் இல்லை. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொம்மைத் துப்பாக்கியைக் கேள்வி கேட்கலாம், நிஜத் துப்பாக்கியைக் கேட்க அதற்குச் சட்டத்தில் இடமில்லை. உயிருக்கு ஆபத்தான ஒரு பிழைக்கு 'விரும்பினால் டவுன்லோட் செய்துகொள்ளவும்' என்று பேட்ச் போடுவதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகும் புகார்கள் நிற்கவில்லை. உறையில் இருந்தபடியே வெடித்தது, விசையை யாரும் தொடவில்லை என்று பலர் வழக்குப் போட்டார்கள். 2022ல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த விசாரணையில் ஜூரி நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2024 ஜூனில் ஜார்ஜியாவில் 23.5 லட்சம் டாலர், நவம்பரில் பிலடெல்பியாவில் 1.1 கோடி டாலர் என்று காயமடைந்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புகள் வந்தன. வெளியே தனி சேப்டி இல்லாததே வடிவமைப்புக் குறை என்ற வாதம் பிலடெல்பியா வழக்கில் முக்கிய இடம் பெற்றது. மிச்சிகன் மாநிலப் போலீசாரின் எம்18 ஒன்றை ஆராய்ந்த எஃப்.பி.ஐ. கூடம், உள்பூட்டு விடுபட வாய்ப்பு இருப்பதாக 2024ல் அறிக்கை தந்தது. நிறுவனம் இதை ஏற்கவில்லை. விசையை இழுக்காமல் எங்கள் துப்பாக்கி வெடிக்காது என்பதே அதன் பதில்.

எதை நம்புவது? கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுபோனால் ஈவன்ட் வியூவரைத் திறந்து என்ன நடந்தது என்று ஓரளவு பார்க்கலாம். துப்பாக்கி எந்தப் பதிவையும் வைப்பதில்லை. வெடித்த அந்தக் கணத்திலேயே உள்ளே இருந்த நிலை கலைந்துவிடுகிறது. பிறகு ஆய்வுக் கூடத்தில் நூறுமுறை குலுக்கியும் வெடிக்கவில்லை என்றால் 'பிழை இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். 'என் மெஷினில் நன்றாக ஓடுகிறதே' என்று எங்கள் தொழிலில் சொல்லும் அதே பதில். அதை நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதம் கழித்துப் பிழை என்னுடையதுதான் என்று தெரிந்தது.

அவசரப்பட்டு எந்திரத்தின் மீது பழி போடுவதும் அதே அளவு தவறு. 2025 ஜூலை 20ல் வயோமிங் மாநிலத்தில் உள்ள எஃப்.இ. வாரன் விமானப்படைத் தளத்தில் எம்18 குண்டு பாய்ந்து ஒரு வீரர் இறந்தார். இதோ இன்னொன்று என்று பலரும் முடிவு கட்டினார்கள். அணு ஆயுதங்களைக் கவனிக்கும் அந்த விமானப்படைப் பிரிவு எம்18ஐப் பயன்படுத்துவதையே நிறுத்தியது. ஆகஸ்டில் நிலைமை மாறியது. சம்பவம் பற்றிப் பொய் வாக்குமூலம் தந்தது உள்ளிட்ட சந்தேகங்களின் பேரில் சக வீரர் ஒருவர் கைதானார். துப்பாக்கிகள் பரிசோதனைக்குப் பின் மீண்டும் பணிக்கு வந்தன. இந்த ஒரு சம்பவத்தைக் காட்டி மற்ற புகார்களையும் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அதுவும் சரியல்ல. ஒரு வைரஸ் எச்சரிக்கை பொய்யானால் ஆன்டி வைரஸையே நீக்கிவிடுவோமா?

இதற்கிடையே, 2017 ஆகஸ்டுக்கு முன் தயாரான பி320 துப்பாக்கிகளில் உரிமையாளர் அனுப்பி வைத்தவைதான் மாற்றப்பட்டன. மற்றவை செகண்ட் ஹேண்டில் கை மாறும்போது, வாங்குபவர் தானாகக் கேட்டால்தான் பழைய விசையா புதிய விசையா என்பது தெரியும்.