வேகத்தை அளக்கும் முன் எண்ணிக்கையை அளவிடுங்கள்

மாணவ நண்பர்களே, ஒரு சின்னச் சோதனையுடன் தொடங்குவோம். ஒரு ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு ஆளில்லாத மைதானத்துக்குச் செல்லுங்கள். முதலில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பந்தை எறியுங்கள். அது விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, நின்றபடி, கால்களை அசைக்காமல் எறியுங்கள். கடைசியாக, பக்கவாட்டில் நின்று, ஒரு காலை எட்டி முன்வைத்து, இடுப்பைத் திருப்பி எறியுங்கள். மூன்று முறையும் எறிந்தது அதே கைதான். ஆனால் பந்து ஒவ்வொரு முறையும் முன்னைவிடத் தள்ளி விழுந்திருக்கும். அந்தக் கூடுதல் தொலைவைக் கொடுத்தவை உங்கள் காலும் இடுப்பும் முதுகும்தான்.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டத்தின் இரகசியமும் இதுவே. அந்த ஆட்டத்தில் பந்து எறிபவரைப் ‘பிட்சர்’ என்பார்கள். கிரிக்கெட் பந்து வீச்சாளரைப் போல அவர் ஓடி வருவதில்லை. முழங்கையை மடக்கி நீட்டி எறியக் கூடாது என்ற விதியும் அவருக்கு இல்லை. சிறு மண்மேட்டின் மீது நின்று, 18.44 மீட்டர் தொலைவிலுள்ள தளத்தை நோக்கி, ஏறத்தாழ 145 கிராம் எடையுள்ள பந்தை எறிகிறார். 2010-ஆம் ஆண்டு, கியூபாவில் பிறந்த அரோல்டிஸ் சாப்மன் எறிந்த ஒரு பந்து மணிக்கு 169 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

இதைக் கேட்டதும், நாமும் அப்படி எறிய வேண்டும் என்ற ஆசை யாருக்கும் எழும். ஆசையில் தவறில்லை. ஆனால் வேகம் காட்டும் கருவியை முன்னால் வைத்துக்கொண்டு பழகத் தொடங்குவது தவறு என்பது என் கருத்து. புதிதாகப் பழகுபவர் முதலில் அளக்க வேண்டியது, ஒரு நாளில் தாம் எத்தனை பந்துகள் எறிந்தோம் என்பதைத்தான். ஏன் என்று பார்ப்போம்.

நீங்கள் வகுப்பில் படித்த இயக்க ஆற்றல் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் செல்லும் 145 கிராம் பந்தின் ஆற்றல் சுமார் 65 ஜூல். அதே பந்து நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் சென்றால் 116 ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது! இவ்வளவையும் மெலிந்த ஒரு கை மட்டும் தந்துவிட முடியுமா?

முடியாது. எனவேதான் உடல் ஒரு சவுக்கைப் போல வேலை செய்கிறது. முதலில் கால் தரையை உந்துகிறது. பிறகு இடுப்பு திரும்புகிறது. அதன் பின் மார்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் விரல்நுனி. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தியதிடமிருந்து வேகத்தை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது. இதற்கிடையே தோள் பின்னோக்கி முறுக்கப்பட்டு, இழுத்த கவண் ரப்பரைப் போல ஆற்றலைச் சேமிக்கிறது. மனிதன் வேகமாக எறிவதற்கு இந்தச் சேமிப்பு முக்கியக் காரணம் என்று நீல் ரோச் முதலிய ஆய்வாளர்கள் 2013-இல் விளக்கினார்கள். சேமித்தது விடுபடும் கணத்தில் பிட்சரின் மேற்கை நொடிக்கு சுமார் 7000 டிகிரி வேகத்தில் சுழல்கிறது. அதே வேகம் நீடித்தால் ஒரு நொடியில் 19 முழுச் சுற்றுகள் வரும்!

இந்த வரிசை பழகியவருக்கு வேகம் தானே வரும். பழகாதவர், கால் செய்ய வேண்டிய வேலையையும் கையிடம் சுமத்துகிறார். அந்தக் கடனை அடைப்பது முழங்கை.

முழங்கையின் உட்புறத்தில், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் ஒரு நார் இருக்கிறது. ஒவ்வோர் எறிதலிலும் அது கடுமையாக இழுபடுகிறது. 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு அது சேதமடைந்தது. டாக்டர் பிராங்க் ஜோப் அவருடைய மற்றொரு கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து அங்கே பொருத்தினார். 1976-இல் மீண்டும் ஆட வந்த அவர், 1989 வரை ஆடினார். அந்த அறுவை மருத்துவம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் உங்கள் வயதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எலும்பின் முனையருகே உள்ள வளர்தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. நாரைவிட அதுவே வலுக் குறைந்தது. இழுப்பு மிகுந்தால் முதலில் பாதிக்கப்படுவது அதுதான்.

“எறிய எறியத்தானே கை பலப்படும்?” என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானின் மட்சுசாகா 1998-இல், பள்ளி மாணவராக, ஒரே ஆட்டத்தில் 250 பந்துகள் எறிந்து வென்றாரே என்றும் சொல்லலாம். உண்மைதான். ஆனால் தப்பித்து வந்தவரின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. கை கெட்டு வீட்டுக்குப் போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? மட்சுசாகாவும் 2011-இல் அதே அறுவை மருத்துவத்தைச் செய்துகொள்ள நேர்ந்தது. பயிற்சியில் தசை வளர்வது மெய். ஆனால் நாரும் வளர்தட்டும் அத்தனை விரைவாக ஈடுகொடுப்பதில்லை. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, அறுவை மருத்துவத்துக்கு ஆளான 95 இளம் பிட்சர்களையும் பெரிய காயம் ஏதும் படாத 45 பேரையும் ஒப்பிட்டது. காயமுற்றவர்கள் அதிகப் பந்துகள் எறிந்தவர்கள். களைத்த பின்னும் நிறுத்தாமல் எறிந்தவர்கள்.

ஆகவே அங்கே 2014-இல் ஒரு நெறிமுறை வகுத்தார்கள். அதன்படி 15, 16 வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 76 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். இவை ஆட்டத்தின் எல்லைகள். புதிதாகப் பழகுபவர் எட்ட வேண்டிய இலக்குகள் அல்ல. அவர் இவற்றில் பாதியைக்கூட நெருங்க வேண்டியதில்லை.

எப்படித் தொடங்கலாம்? இரண்டு விரல்களைப் பந்தின் தையலுக்குக் குறுக்கே வையுங்கள். குறைந்த தொலைவில், மெதுவாக, கால்–இடுப்பு–தோள்–கை என்ற வரிசையைப் பழகுங்கள். எறிந்த பந்துகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். களைப்புத் தெரிந்தால் நிறுத்துங்கள். முழங்கை வலித்தால் மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். எல்லைக் கோட்டிலிருந்து கிரிக்கெட் பந்தை எறியும் உங்களுக்கும், ஈட்டி எறியும் உங்கள் நண்பருக்கும் இதே அறிவுரைதான்.

வேகம் இரண்டு ஆண்டு தாமதமாக வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. வளர்தட்டு கெட்டுப்போனால், அதை மாற்றிப் பொருத்த வேறொன்று கிடையாது.