கைத்தொழிலைக் கைமாற்றுவோம்

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடினோம். கரி படிந்த பிளக்கைக் கழற்றும் சாவியும் சிறு போத்தலும் எப்போதும் உடன்வந்தன.

இன்று கோட்-டெ-நெய்ஜில் நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்குக் கருவிப் பெட்டி செய்ய விரும்பும் இளைஞருக்கும் அவ்வனுபவம் உதவும். வண்டியின் நட்டுகளுக்குப் பொருந்தும் சாவிகளை மட்டும் தெரிந்தெடுங்கள். அவற்றைத் துணியிற் சுற்றி அளந்தபின்பே அலுமினியத் தகட்டை வெட்டுங்கள். நீர் புகாதிருக்க மூடியின் விளிம்பில் இறப்பர் பட்டி ஒட்டுங்கள். பெட்டியைத் தாழ்வாகவும், புகைக்குழாய்க்கு விலகியும் பொருத்துங்கள்; பாரம் உயர்ந்தால் வண்டி தள்ளாடும்.

பெற்றோரே, பனி உருகுமுன் பிள்ளைகளை அருகிருத்திக் கற்பியுங்கள். சான்றிதழ்களை இழந்து வந்தோர் நம்மிற் பலர். கையறிந்த தொழிலையேனும் அவர்களிடம் ஒப்படைப்போம்.