முதலில் நம் விரலுக்குக் கீழே உள்ள அதிர்வை நிறுத்துவோம், பிறகு பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வோம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள். நேரம் இல்லாதவர்கள் கீழே எழுதியிருக்கும் முறையை மட்டும் பார்த்து, இரண்டு நிமிட வேலை ஒன்றைச் செய்துவிட்டுப் போங்கள்.

கடந்த தவணையில் எங்கள் பாடசாலையில் ஒரு பெற்றோர் கூட்டம் வைத்தோம். தலைப்பு, பிள்ளைகளும் கைத்தொலைபேசியும். மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் நீள மேசை. அதில் ஆசிரியர்களாகிய நாங்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்து வந்தவர்கள், பழைய மாணவர்கள். எல்லோருடைய போனும் மேசையில். மரியாதைக்காக எல்லாம் வைப்ரேஷனில்.

பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். போனால் பிள்ளைகளின் நித்திரை கெடுகிறது, கவனம் சிதறுகிறது, பெரியவர்களுக்கு மரியாதை குறைகிறது என்றார். நாங்களும் தலையாட்டினோம். அப்போது மேசையில் ஒரு சத்தம். விர்... விர்... விர்.

அழைப்பு வந்தால் கேட்கும் நீண்ட அதிர்வு அல்ல அது. ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் வரும் சின்ன அதிர்வு. எங்களில் ஒருவர் போனை மேசையில் வைத்தபடியே யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் முடிக்க, மற்றப் பக்கத்தில் இன்னொருவர் ஆரம்பித்தார். பலகை மேசை அந்த அதிர்வை வாங்கிப் பெரிதாக்கியது. மைக்கும் அதே மேசையில் இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது. பிளேன்டி கொண்டுவந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரித்ததற்காகப் பிறகு அந்தப் பிள்ளைகளை ஏசினோம். இன்று யோசித்தால், அவர்கள் சிரித்தது சரி. நாங்கள் ஏசியதுதான் பிழை.

இது நடந்து ஒரு கிழமைக்குள் தரம் 7 பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தோம். கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள். எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதைத்தான் எழுதியிருந்தார்கள். தகவல் அறியலாம், கண் கெடும், நேரம் வீணாகும். ஒரு பிள்ளை மட்டும் நாலு வரி கூடுதலாக எழுதியிருந்தது. வாப்பா இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனில் எழுதுவார். விர் விர் எண்டு கேட்கும். எனக்கு நித்திரை வராது. சொன்னால் ஏசுவார்.

சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது என்று தெரியாமல் இருந்தோம். ‘எண்டு’ என்பதை ‘என்று’ என்று திருத்தினோம். அதைத்தான் எங்களால் செய்ய முடிந்தது.

அந்த வாப்பா கெட்ட மனிதர் அல்ல. அவர் நம்மைப் போன்றவர். பகல் முழுக்க உழைத்துவிட்டு இரவில்தான் நாலு பேருக்குப் பதில் எழுதுகிறார். தன் விரலுக்குக் கீழே வரும் சத்தம் பக்கத்தில் உள்ளவருக்குக் கேட்கும் என்பதே அவருக்குத் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது. அந்த அதிர்வை நிறுத்த முடியும் என்பதும் தெரியாது. போன் கடையில் இருந்து எப்படி வந்ததோ, அப்படியே பாவிக்கிறோம். இதைத்தான் இந்தப் பதிவில் கேள்வி கேட்கிறோம்.

இந்த அதிர்வு ஏன் வந்தது என்று பார்ப்போம். பழைய பட்டன் போனில் எழுத்தை அமுக்கினால் விரலுக்குத் தெரியும். இன்றைய போனில் இருப்பது வெறும் கண்ணாடி. எதை அமுக்கினோம் என்று விரலுக்குத் தெரியாது. அதற்காகத்தான் உள்ளே இருக்கும் சின்ன மோட்டரை ஒவ்வொரு தட்டலுக்கும் ஒருமுறை ஆட வைக்கிறார்கள். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் பாரம் கூடிய சிறு சுழலி இருக்கும். அது சுற்றும்போது போனே ஆடும். விலை கூடிய போன்களில் முன்னும் பின்னும் அசையும் சிறு எடை இருக்கும். அதன் சத்தம் குறைவு. ஆனால் பலகை மேசையிலும் கட்டில் சட்டத்திலும் வைத்து எழுதினால் இரண்டும் கேட்கும்.

கண்பார்வை குறைந்தவர்களுக்கும் விரல் நடுங்கும் வயதானவர்களுக்கும் இது உதவி. அவர்கள் வைத்திருக்கட்டும். நாம் கேட்பது மற்றவர்களிடம். உங்களுக்கு இது எதற்கு? பல வருடமாக எழுதிப் பழகிய விரல்கள் நம்முடையவை.

அதிலும் நம்மில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் எழுதுகிறோம். ‘வாழ்த்துக்கள்’ என்ற ஒரு சொல்லுக்கே பத்துத் தட்டலுக்கு மேல் வேண்டும். ஒரு குழுவில் ஒருவருக்கு வாழ்த்துச் சொல்லி முடிக்க எத்தனை முறை அந்த மோட்டர் ஆடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனையும் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் காதில்.

இனி நம் பள்ளிவாசலுக்கு வருவோம். வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று. நாம் நிறுத்துவதில்லை. வைப்ரேஷனில் போடுகிறோம். அதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அழைப்பு மணியை வைப்ரேஷனுக்கு மாற்றுவது ஒன்று, விசைப்பலகையின் அதிர்வு வேறொன்று. அதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. மணி ஓசை இல்லாமல் போனாலும் விரல் தட்டினால் அது ஆடும்.

குத்பா நடக்கும்போது கையால் கல்லைத் தொட்டு விளையாடுவதும் வீண் செயல் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதை மிம்பரில் கேட்கும்போதே மடியில் போனை வைத்து ஒரு வரி எழுதுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். பின் ஸஃப்பில் இருந்து கதைக்கும் சிறுவர்களைத் திரும்பிப் பார்த்து முறைப்பவர்களும் நம்மவர்கள்தான். அந்தச் சிறுவர்களும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கே ஒருவர் கேட்கலாம். அதிர்வை நிறுத்திவிட்டால் குத்பாவில் களவாக எழுதுவது இன்னும் லேசாகிவிடுமே என்று. நியாயமான கேள்வி. பதில் இதுதான். சத்தம் இல்லாமல் எழுதினாலும் அது வீண் செயல்தான். பள்ளிவாசலுக்குள் போனை முழுதாக நிறுத்துங்கள். நாம் சொல்லும் சுவிட்ச் வீட்டுக்கும், ஆஸ்பத்திரி வார்ட்டுக்கும், மையத்து வீட்டுக்கும், பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் நித்திரை கொள்பவருக்கும். எழுதியே ஆக வேண்டிய இடங்களில் அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் எழுதுவதற்குத்தான் அது.

இன்னொருவர் சொல்லுவார், ஊரில் எவ்வளவு பெரிய பிரச்சினைகள் இருக்க, சேர்மார் ஒரு சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று. பெரிய பிரச்சினைகளைப் பற்றிக் கூட்டம் போட்டவர்கள்தான் நாங்கள். அந்தக் கூட்டத்தில்தான் மேசை அதிர்ந்தது. இரண்டு நிமிடத்தில் முடிகிற சின்ன வேலையை நாம் செய்யாதபோது, பெரிய மாற்றத்தைப் பிள்ளைகளிடம் எந்த வாயால் கேட்பது?

இதில் எங்கள் பங்கையும் மறைக்க மாட்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறோம், வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் வேண்டும் என்று சொன்னவர்கள் நாங்கள்தான். நகையை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்த உம்மாமாரை எங்களுக்குத் தெரியும். வாங்கச் சொன்ன நாங்கள், அதை எப்படி வீட்டுக்கு ஏற்ற மாதிரி அமைப்பது என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்களும் நினைவிருக்கும். போன் சார்ஜைத் தண்ணீர் போலப் பொத்திப் பொத்திப் பாவித்தோம். திரை வெளிச்சத்தைக் குறைத்தோம், டேட்டாவை நிறுத்தினோம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மோட்டரை ஓட விடுகிறோமே என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்? அதை நிறுத்தியிருந்தால் பெரிய மிச்சம் வந்திருக்கும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் 2022இல் ஐஓஎஸ் 16 உடன் ஐபோனுக்கு இந்த வசதி வந்தபோது, இதை இயக்கினால் பற்றரிப் பாவனை பாதிக்கப்படலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. ஐபோனில் இது தானாக ஓடுவதில்லை, வேண்டியவர் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் நம் கைகளில் உள்ள பல அண்ட்ரொய்ட் போன்கள் இது ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே வருகின்றன.

இனி வேலைக்கு வருவோம்.

கூகுளின் ஜீபோர்ட் விசைப்பலகை பாவிப்பவர்கள்: எழுதும் பெட்டியைத் தொட்டு விசைப்பலகையை வரவழையுங்கள். மேலே உள்ள பற்சக்கரக் குறியைத் தொடுங்கள். அது தெரியாவிட்டால் நாலு சதுரக் குறிக்குள் பாருங்கள். பிறகு ப்ரிஃபரன்ஸஸ். கீழே இறங்கினால் ஹெப்டிக் ஃபீட்பேக் ஒன் கீபிரஸ் என்று இருக்கும். அதை ஓஃப் செய்யுங்கள். தட்டும்போது டொக் டொக் என்று ஓசை வருபவர்கள் அதே இடத்தில் சவுண்ட் என்று உள்ளதையும் ஓஃப் செய்யுங்கள்.

சாம்சங் விசைப்பலகை: செட்டிங்ஸ், ஜெனரல் மேனேஜ்மென்ட், சாம்சங் கீபோர்ட் செட்டிங்ஸ். அதில் ஸ்வைப், டச் அண்ட் ஃபீட்பேக். உள்ளே டச் ஃபீட்பேக். அங்கே வைப்ரேஷனை ஓஃப் செய்யுங்கள்.

ஐபோன்: செட்டிங்ஸ், சவுண்ட்ஸ் அண்ட் ஹெப்டிக்ஸ், கீபோர்ட் ஃபீட்பேக். ஹெப்டிக் என்பது போட்டிருந்தால் ஓஃப் செய்யுங்கள்.

வேறு போன் என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் வைப்ரேஷன் அல்லது ஹெப்டிக் என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடுங்கள். எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சரின் போனில் வழி தெரியாமல் தடுமாறி, கடைசியில் இப்படித்தான் கண்டுபிடித்தோம். ஒரே இடைவேளையில் எல்லோருடைய போனும் முடிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இதைச் செய்வதால் அழைப்பு வரும்போது வரும் அதிர்வு நிற்காது. அழைப்பும் செய்தியும் வழமைபோல் வரும். விரல் தட்டும்போது வருவது மட்டும்தான் நிற்கும். முதல் இரண்டு நாள் விரலுக்கு ஏதோ குறைவது போல இருக்கும். பிறகு பழகிவிடும். எங்களுக்குப் பழகிவிட்டது.

இப்போது கடைசி விடயம். இதுதான் முக்கியம்.

அந்தப் பிள்ளையின் நாலு வரியில் எங்களை அதிகம் வருத்தியது விர் விர் அல்ல. ‘சொன்னால் ஏசுவார்’ என்ற கடைசி வரி. ஒரு சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று தன் வாப்பாவிடம் சொல்ல முடியாத பிள்ளை, நாளைக்குப் போனில் யாராவது தன்னைத் தொந்தரவு செய்தால் மட்டும் யாரிடம் போய்ச் சொல்லும்? பிள்ளைகள் எதையும் நம்மிடம் மறைக்கக் கூடாது என்று கூட்டத்தில் பேசுகிறோம். சின்ன விடயத்தைச் சொல்ல வந்தபோது வாயை மூட வைத்தவர்கள் நாமே.

ஆகவே மேலே எழுதிய முறையை நீங்களாகச் செய்ய வேண்டாம். இன்று இஷாவுக்குப் பிறகு உங்கள் மகனையோ மகளையோ கூப்பிடுங்கள். போனைக் கையில் கொடுங்கள். ‘மகள், வாப்பா எழுதும்போது இது அதிருது. உங்களுக்குத் தொந்தரவா? இதை எப்படி நிறுத்துற எண்டு காட்டுங்க’ என்று கேளுங்கள். அவர்களுக்கு வழி தெரியும், நம்மைவிட வேகமாகத் தெரியும். நிறுத்திவிட்டுத் தருவார்கள். அந்த நேரம் வேறு ஏதாவது சொல்ல வந்தால், ஏசாமல் கேளுங்கள்.

பிறகு உபதேசம் செய்யுங்கள். அப்போது கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

செய்து முடித்தவர்கள் கீழே ஒரு வரி போடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவர்கள், அடுத்த ஜும்ஆவுக்கு முன் அறிவித்தல் பலகையில் இந்த முறையையும் ஒட்ட முடியுமா என்று பாருங்கள். அச்சடித்துத் தருவது எங்கள் பொறுப்பு.