பயணிகள் தந்த வட்டியில்லாக் கடன்

பேரனின் முதலாவது பிறந்த நாளுக்காகக் கோவையிலிருந்து தில்லி செல்ல, 2020 ஜனவரியில் என் மனைவிக்கும் எனக்கும் விமானப் பயணச்சீட்டு வாங்கினேன். பயண நாள் ஏப்ரல் 18. மார்ச் 25-இல் உள்நாட்டு விமானச் சேவை நிறுத்தப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஓராண்டுக்குள் வேறொரு நாளில் பயணம் செய்துகொள்ளலாம் என்ற பதிலே வந்தது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு நானறிந்த பெயர் கடன். அதுவும் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்ட கடன்.

விமான நிறுவனங்களை மட்டும் பழிப்பது சரியாகாது. விற்காத நெல்லை அடுத்த மாதம் விற்கலாம்; இன்று காலியாகப் பறந்த இருக்கையை நாளை விற்க முடியாது. விமானம் தரையில் நின்றாலும் குத்தகையும் பராமரிப்பும் ஊதியமும் நிற்பதில்லை. மே 25-இல் சேவை மீண்டும் தொடங்கியபோது மூன்றில் ஒரு பங்கு விமானங்களுக்கே அனுமதி கிடைத்தது. செப்டம்பரில்தான் அது 60 விழுக்காடாயிற்று. வழக்கமான காலத்தில், நாளைய பயணி செலுத்தும் முன்பணம்தான் இன்றைய செலவை ஈடுகட்டுகிறது. முன்பதிவு வற்றியதும், திருப்பித் தருவதற்குக் கையில் பணமில்லை.

பிற நாடுகளில் இந்த இடைவெளியை அரசு நிரப்பியது. அமெரிக்கா, பயணியர் விமான நிறுவனங்களின் ஊதியச் செலவுக்காக 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. ஜெர்மனி, லுஃப்தான்ஸாவுக்கு 900 கோடி யூரோ உதவித் திட்டம் அளித்து, 20 விழுக்காடு பங்கையும் பெற்றது. நம் அரசு அத்தகைய நேரடி நிதியுதவி எதையும் அளிக்கவில்லை. மருத்துவமனைக்கும் ரேஷன் அரிசிக்கும் முன்னுரிமை தர வேண்டிய நேரத்தில் அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால், இங்கு இடைவெளியை நிரப்பியவர் பயணி என்பதை மறக்கலாகாது. ஜெர்மனி அரசுக்குப் பங்காவது கிடைத்தது. நம் பயணிக்குத் தவணைத் தேதிகூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தேதியை அக்டோபர் 1-இல் உச்சநீதிமன்றம் தந்தது. பொது முடக்கத்துக்கு முன்பு வாங்கிய சீட்டுகளுக்கு நிறுவனங்கள் 15 நாள்களுக்குள் பணம் தர வேண்டும்; நிதி நெருக்கடியால் இயலாதெனில், 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தத்தக்க வரவாக வைக்கலாம். அதன் மதிப்பு ஜூன் 30 வரை மாதம் 0.5 விழுக்காடும், அதன்பின் 0.75 விழுக்காடும் உயர வேண்டும். பயன்படுத்தாத தொகையைக் கெடு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். இது கடன்தான் என்பதை இந்த வட்டி விகிதம் மெய்ப்பிக்கிறது.

எனினும், நிறுவனமே மூழ்கினால் தீர்ப்பு என்ன செய்யும்? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, முன்பணம் செலுத்திய பயணிகள் வங்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தது. பிரிட்டனில் விமானச் சுற்றுலாத் தொகுப்பு வாங்குவோருக்காக, ஒரு பயணிக்கு 2.50 பவுண்டு வீதம் பெற்றுப் பாதுகாப்பு நிதி ஒன்று பேணப்படுகிறது. இங்கும் ஒவ்வொரு சீட்டிலும் சிறு தொகையை அவ்வாறு ஒதுக்கலாம். அல்லது கட்டணத்தின் ஒரு பகுதியை, விமானம் புறப்படும்வரை தனிக் கணக்கில் வைக்கச் செய்யலாம். கட்டணம் சற்று உயரும் என்பது உண்மையே. ஆனால், அந்தச் செலவை முன்கூட்டியே தெரிந்து ஏற்பது, நெருக்கடியில் மொத்தத்தையும் இழப்பதைவிட மேலானது.

என் பணம் 2021 மார்ச்சுக்குள் வந்துவிடும் என நம்பினேன். அடுத்த நெருக்கடிக்கு முன்னால் இந்த ஏற்பாட்டைச் செய்வது அரசின் கடமை.