ஈர்ப்பு நுண்வில்லை முறையும் சிறுநிறைப் புறக்கோள்களும்

ஈர்ப்பு நுண்வில்லை முறை என்பது, தொலைவிலுள்ள விண்மீனின் ஒளியை இடையே வரும் மற்றொரு விண்மீனின் ஈர்ப்பு வளைத்துப் பெருக்குவதைக் கொண்டு, இடைப்பட்ட விண்மீனின் கோள்களைக் கண்டறியும் முறையாகும். புவியைப்போல் ஏறத்தாழ 5.5 மடங்கு நிறையுடைய ஓகிள்-2005-பிஎல்ஜி-390எல்பி கோள் இவ்வாறு கண்டறியப்பட்டு, 2006இல் அறிவிக்கப்பட்டது.

சிறுகோளின் அடையாளம் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரையே நீடிக்கும். அந்நிகழ்வு மீண்டும் நிகழாது. ஒருமுறை தவறினால் இழப்பே.

மதுரைக்கு வடமேற்கே பழனி மலையிலுள்ள கொடைக்கானல் வானாய்வகம் இவ்விடரை முன்பே கண்டது. 1922 செப்டம்பர் 21 சூரிய கிரகணத்தின்போது, அதன் இயக்குநர் ஜான் எவர்ஷெட் ஆஸ்திரேலியாவின் வாலலில் ஈர்ப்பினால் ஒளி வளைவதை அளக்க முயன்றார். கருவிக் கோளாறால் முயற்சி பயனளிக்கவில்லை. அங்கேயே நோக்கிய அமெரிக்க லிக் வானாய்வகக் குழு வெற்றி பெற்றது.

எனவே பல நிலையங்கள் தேவைப்படுகின்றன. சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் தொலைநோக்கிகளைக் கொண்ட கொரிய வலையமைப்பு வானை மாறிமாறி நோக்குகிறது. வியாழனை ஒத்த தொலைவான சுற்றுப்பாதைகளிலும் புவியைவிடச் சற்றுப் பெரிய கோள்கள் பரவலாக உள்ளன என்பதை அதன் தரவுகள் 2025இல் காட்டின.